பேதி நிற்கவில்லை என்று கீழே கொட்டப்படும் ஓ.ஆர்.எஸ்.

ஓ.ஆர்.எஸ். என்பது உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த தூளைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கும் கரைசல். பேதியோடு வார்டுக்கு வரும் குழந்தையின் அம்மாவிடம் "ஓ.ஆர்.எஸ். கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "கொடுத்தோம் சிஸ்டர், கேக்கல." எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். காலையில் நாலு ஸ்பூன். குடித்த கால் மணி நேரத்தில் மறுபடியும் தண்ணியாகப் போயிருக்கிறது. இது சேரவில்லை என்று மீதியைக் கொட்டியாயிற்று. பாக்கெட் வீட்டில் இருந்தது, கலக்கவும் தெரிந்திருந்தது, குழந்தையும் மறுக்காமல் குடித்தது. ஓ.ஆர்.எஸ். என்பது பேதியை நிறுத்தும் மருந்து என்ற ஒரே நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. வைரஸால் வரும் பேதி மூன்று நாளிலிருந்து ஏழு நாள் வரை போய்விட்டுத் தானாக அடங்கும். அதற்குள் உடம்பிலிருந்து போகும் தண்ணீரும் உப்பும்தான் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. ஓட்டை தானாக அடைபடும் வரை தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கிற வேலை இது. அதனால் "எத்தனை தடவை போச்சு" என்று எண்ணி ஓ.ஆர்.எஸ்-ஐ எடைபோடக் கூடாது. ஒன்றுக்குப் போகிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, முகம் கொடுத்துப் பார்க்கிறதா என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பத்து முறை போயும் நன்றாக மூத்திரம் போய் விளையாடும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். வேலை செய்கிறது என்று அர்த்தம். நாலே முறை போய்விட்டுச் சுருண்டு கிடக்கும் குழந்தைக்கு அது போதவில்லை.

வெறும் தண்ணீர் ஏன் போதாது என்று சில அப்பாக்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். பேதி பிடித்த சிறுகுடலால் வெறும் தண்ணீரையோ வெறும் உப்புத் தண்ணீரையோ சரியாக உறிஞ்ச முடியாது. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கும் வழி ஒன்று குடல் சுவரில் இருக்கிறது. காலராவில்கூட அது மூடுவதில்லை. சோடியம் போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். 1960களில் இது பிடிபட்டது. ஆனாலும் பாட்டில் ஏற்றுவதுதான் உண்மையான வைத்தியம் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நீங்கவில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கான பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, குழாய் வைத்த டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே டம்ளரில் பிடித்துக் கொடுக்க வைத்தார். முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு, அந்தக் கரைசல் கிடைத்தவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது. கொடுத்தவர்கள் யாரும் படித்த நர்ஸ் இல்லை. அம்மா, அண்ணன், பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர். 1978-இல் லான்செட் மருத்துவ இதழ் இந்தக் கண்டுபிடிப்பை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது.

இப்போது கலப்பதற்கு வருவோம். கொடுத்தும் பயனில்லாமல் போவதற்கு அடுத்த காரணம் இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு அளவுப்படி செய்த பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் தூள் இருக்கும். குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். இது முழுசாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. 4 கிராம் சொச்சம் இருக்கும் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. வீட்டில் நடப்பது வேறு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கிவிட்டு, மீதியைக் கிளிப் போட்டு அலமாரியில் வைப்பார்கள். அல்லது 200 மில்லி பால் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் போட்டுக் குலுக்குவார்கள், "கெட்டியா இருந்தா சத்து ஜாஸ்தி" என்று. அப்படிக் கலந்தால் உப்பு ஐந்து மடங்கு. இரத்தத்தில் சோடியம் ஏறி, குழந்தை தாகத்தில் தவித்து, எரிச்சலில் அழுது, வலிப்பு வரை போகலாம். பாக்கெட்டைப் பாதியாகப் பிரிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. நாலு தூளும் ஒரே மாதிரிக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிரித்து வைத்தது ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும்.

அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை இதற்கென்றே கழுவி வையுங்கள். கடையில் விற்கும் குடிதண்ணீர் பாட்டிலே போதும். கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பி, பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கரைக்க வேண்டும். கரைத்த பிறகு சுட வைக்கக் கூடாது. பாலில், ஜூஸில், ஹார்லிக்ஸில் கலக்கக் கூடாது. குழந்தை குடிக்க மாட்டேன் என்கிறது என்று சர்க்கரை சேர்க்கக் கூடாது. இனிப்பு கூடினால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே விட்டு, பேதியை இன்னும் கூட்டிவிடும். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட்டு மறுநாள் புதுப் பாக்கெட். காசை நினைத்து மிச்சம் பிடிக்க வேண்டியதே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இலவசமாகவே கிடைக்கிறது. இலவசம் என்பதாலேயே மதிப்புக் குறைந்துபோவது தனி வேதனை.

மருந்துக் கடையில் வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். அட்டை டப்பாவில், ஆப்பிள் மணத்தோடு, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு விற்றவற்றில் பல வெறும் சர்க்கரைப் பானங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் 100 மில்லிக்கு 1.35 கிராம் குளுக்கோஸ்தான். இவற்றில் சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு, உப்போ சொற்பம். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அளவுக்கு ஒத்துவராத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயரில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டது. எனவே உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்ட பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.

ராத்திரியில் கடை பூட்டியிருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. 'தலைதட்டிய' என்பதை விடாதீர்கள். குவித்து அள்ளினால் அளவு எங்கோ போய்விடும். கல்லுப்பைப் போட்டால் கண்ணளவு தப்பும், தூளுப்பையே எடுங்கள். கலந்ததும் நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். இதில் பொட்டாசியம் இல்லை, அதனால் பாக்கெட் கிடைக்கும் வரைக்கும்தான். உப்புப் போட்ட வடிகஞ்சியும் உப்புப் போட்ட நீர்மோரும் நல்லவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்-க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக வைக்க முடியாது. குளுக்கோஸ் பவுடர், சோடா, டப்பா ஜூஸ் எதுவுமே வேண்டாம்.

எவ்வளவு கொடுப்பது? உடம்பு இன்னும் வாடாத குழந்தைக்கு ஒவ்வொரு முறை தண்ணியாகப் போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாட ஆரம்பித்துவிட்டால், அதாவது கண் உள்ளே போய், நாக்கு உலர்ந்து, தண்ணீரைக் கண்டதும் பிடுங்கிக் குடிக்கிற நிலை என்றால், கிலோவுக்கு 75 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில். இதை ஆஸ்பத்திரியில் நம் கண்முன்னே வைத்துக் கொடுப்பது வழக்கம். எட்டு கிலோ குழந்தைக்கு 600 மில்லி. இந்தக் கணக்கைச் சொன்னதும் அம்மாக்கள் மலைத்துப்போவார்கள்: "அவ்ளோ எப்படி சிஸ்டர் குடிப்பான்?" குடிப்பான். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் என்றால் மணிக்கு 150 மில்லி, நாலு மணி நேரத்தில் சரியாக 600. மடியில் சற்று நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூனைக் கீழுதட்டில் வைத்து, கன்னத்தின் உள்பக்கமாக விட வேண்டும். பச்சைக் குழந்தைக்குப் பாலாடை வசதி. கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடை, பால் பாட்டிலைவிட எவ்வளவோ மேல். ரப்பர் நிப்பிளின் அழுக்குதான் பல வீடுகளில் பேதிக்கே காரணம். நாலு மணி நேரம் ஒருவராகவே கொடுப்பது கை கடுக்கும் வேலை. அப்பா, பாட்டி, சித்தி என்று மாறி மாறி உட்கார்ந்தால்தான் நடக்கும். இடையில் கண் இமை வீங்கினாற்போலத் தெரிந்தால் ஓ.ஆர்.எஸ்-ஐ நிறுத்திவிட்டுத் தாய்ப்பாலும் வெறும் தண்ணீரும் கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வாந்தி எடுத்தால் பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். "வயித்துல நிக்கவே மாட்டேங்குது." நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் வேகம். தாகத்தில் இருக்கும் குழந்தை டம்ளரை வாங்கி ஒரே மடக்காகக் குடிக்கும், வயிறு அப்படியே திருப்பி அனுப்பும். பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகத் தொடங்குங்கள். தரையில் கொட்டிக் கிடப்பது பார்க்க நிறையத் தெரியும். குடித்ததில் ஒரு பகுதிதான் அது.

குடிக்கக் குடிக்கப் போகிறது, எனவே தண்ணீரையே நிறுத்து என்பது பழைய நம்பிக்கை. வாயில் ஏதாவது போனால் குடல் அசைந்து உடனே வெளிக்கிப் போவது இயல்பு. இப்போது வெளியே வந்தது இப்போது குடித்தது அல்ல, முன்பே குடலில் தேங்கியிருந்தது. நிறுத்தினால் போவது கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் பாட்டிகளும் உண்டு, "உன் பால்தான் சூடு" என்று. தாய்ப்பாலை முன்பைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குச் சாப்பாடும் நிற்கக் கூடாது: குழைத்த தயிர் சாதம், எண்ணெய் விட்ட பருப்பு சாதம், இட்லி, மசித்த வாழைப்பழம், ஒரு தடவைக்குக் கொஞ்சமாக. பட்டினி போட்டால் குடல் சுவர் ஆறுவது தள்ளிப்போகும், எடை குறையும், அடுத்த பேதி சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஒரு சின்ன விஷயம்: தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை நாளைக்கு ஏழெட்டு முறை மஞ்சளாக, இளகலாகப் போய் நன்றாக எடை ஏறினால் அது பேதியே இல்லை. அதற்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.

"பல் முளைக்குது, அதான் போகுது" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. பல் முளைக்கிற ஆறேழு மாதத்தில்தான் குழந்தை தவழ ஆரம்பிக்கிறது, தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிறது, வெளிச் சாப்பாடும் தொடங்குகிறது. கிருமி அப்படி வருகிறது. பல் மேல் பழியைப் போட்டால் இரண்டு நாள் சும்மா கழிந்துவிடும்.

உச்சிக்குழி விஷயம் இன்னும் மோசம். குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருப்பதைப் பாட்டி சரியாகவே கவனித்துவிடுவார். கவனித்துவிட்டு விளக்கெண்ணெய் தொட்டு வைப்பார், சூடு என்று. அந்தப் பள்ளமே உடம்பில் தண்ணீர் வற்றியதன் அடையாளம். பார்த்தது சரி, காரணம் தப்பு. உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவதும் இதே கதைதான். தொக்கம் எடுப்பவர் வாயிலிருந்து எதையோ எடுத்துக் காட்டுவார், இரண்டு நாளில் பேதியும் நிற்கும். அது எப்படியும் நிற்க வேண்டிய நாள்தான். பெயர் தொக்கத்துக்குப் போய்விடும். நிறுத்தியது எது என்று பார்க்கிற கண்ணுக்கு, நிறுத்தாமல் உயிரைக் காத்தது தெரியாது. இதில் மாமியாரோடு மல்லுக்கு நின்று பிரயோஜனம் இல்லை. "போயிட்டு வரலாம் அத்தை, ஆனா வழியெல்லாம் இதைக் கொடுத்துக்கிட்டே போவோம்" என்று பாட்டிலைக் கையில் எடுத்துக்கொள்ளும் மருமகள்தான் ஜெயிக்கிறாள். விரல் விட்டு ஓங்கரிக்க வைப்பது, வாயில் ஊதுவது இரண்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது பாட்டில் மோகம். "குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்வோர் பெரியவர்களிலும் ஏராளம். அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் இரண்டு இட்லியின் சக்தி. இழந்த சோடியமும் பொட்டாசியமும் அதில் இல்லவே இல்லை. சுயநினைவு மங்கிய, குடிக்க முடியாத குழந்தைக்கு நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றியே ஆக வேண்டும், அதில் தாமதம் கூடாது. மற்றபடி குடிக்கிற குழந்தைக்கு ஊசிக்குத்தால் கூடுதல் லாபம் ஒன்றும் கிடையாது.

பேதியை உடனே நிறுத்தும் மாத்திரைகளைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடலின் அசைவை அவை அடக்குகின்றன. வயிறு உப்பி, கிருமி உள்ளேயே தங்கும், தண்ணீரும் குடலிலேயே தேங்கி நிற்கும். வெளியே தெரியாததால் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், அதுதான் பயம். ஆன்டிபயாடிக் பெரும்பாலான பேதிக்குத் தேவைப்படாது. மலத்தில் இரத்தம் கண்டால் டாக்டர் எழுதித் தருவார்.

துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை மட்டும் மறக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை பாதி மாத்திரை, தினம் ஒன்றாக 14 நாள். ஸ்பூனில் தாய்ப்பாலோ ஆறிய தண்ணீரோ விட்டுப் போட்டால் கரைந்துவிடும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுத்தாக வேண்டும். அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வராமல் இருக்க அது உதவும். அலமாரிகளில் பாதி தீர்ந்த அட்டைகள் கிடப்பதற்கும் அந்த "நின்னுடுச்சே" என்கிற நினைப்புதான் காரணம். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தும் 6, 10, 14 வாரங்களில் அரசு முகாமிலேயே இலவசமாகச் சொட்டு மருந்தாகத் தரப்படுகிறது.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் கிள்ளு உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம், அவர் எத்தனை வீடு ஏறினார் என்பதை வைத்து இல்லை. பிற்பாடு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதை வைத்து. நம்மூரில் பாக்கெட்டைக் கையில் கொடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிறது. கொடுப்பவர் ஒரு நிமிடம் நின்று, "இது பேதியை நிறுத்தாதும்மா, தண்ணியைத்தான் ஈடுகட்டும்" என்று சொல்லி, அந்த அம்மாவையே ஒரு தடவை கலக்கிக் காட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

வீட்டில் தோலைக் கிள்ளிப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில், வயிற்றுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெடுவாக்கில் மடித்துத் தூக்கி விட வேண்டும். உடனே சமமானால் நல்லது. மெதுவாகப் போனால் தண்ணீர் குறைந்துவிட்டது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரொம்பவும் மெலிந்த குழந்தைக்கும் கொழுகொழு குழந்தைக்கும் இந்தச் சோதனை ஏமாற்றும், அதனால் மூத்திரத்தையும் கவனியுங்கள். இதற்காகவாவது பேதி நாட்களில் டயப்பரைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணி கட்டுங்கள். டயப்பரில் தண்ணீர்ப் பேதி எது, மூத்திரம் எது என்று பிரித்தறியவே முடியாது. "டயப்பர் ஈரமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு நினைவு தப்பிய குழந்தையைத் தூக்கி வருகிறார்கள்.

ஆறு மணி நேரமாக ஒன்றுக்கே போகாதது, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாதது, குடிக்க மறுப்பது, எது கொடுத்தாலும் வாந்தி, மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரையிலும், வண்டிக்குள்ளும், குழந்தை விழிப்பாக இருந்து விழுங்குகிறது என்றால் ஸ்பூன் நிற்க வேண்டாம். கண் செருகி, விழுங்காமல் வாயோரம் வழிகிறது என்றால் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். அப்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, எத்தனை மணியிலிருந்து பேதி, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது, எவ்வளவு ஓ.ஆர்.எஸ். உள்ளே போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வார்டில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.